சும்மா கிடக்கும் டேட்டாபேஸ் எது? யூசேஜ் ஸ்டேட்ஸோடு பல வருட அனுபவம்

கும்பகோணத்து நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "சர்வரில் இடமே இல்லை. யாரும் தொடாத டேட்டாபேஸ் எதுன்னு நீங்க எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" அவருக்குப் போனில் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் பார்த்துக்கொள்வது மன்னார்குடிப் பக்கம் நெல் வியாபாரம், அரிசி ஆலை, உரக்கடை மூன்றும் நடத்தும் ஒரு குடும்பத்தின் சர்வர். மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர்தான். கணக்கு சாஃப்ட்வேர் ஒவ்வொரு ஏப்ரலிலும் புது வருடத்துக்குத் தனி டேட்டாபேஸ் திறந்துவிடும். அதோடு சோதனைக்கென்று திறந்தவை, எதற்கோ எடுத்து வைத்த பழைய காப்பிகள் என்று சேர்ந்துகொண்டே போகும்.

இதற்கு நான் நம்பியிருப்பது இண்டெக்ஸ் யூசேஜ் ஸ்டேட்ஸ், அதாவது டேபிள்களில் தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ்களின் பயன்பாட்டுக் கணக்கு. சர்வருக்குள்ளேயே இருக்கிறது, தனிக் காசு கிடையாது. ஒவ்வொரு இண்டெக்ஸிலும் கடைசியாக எப்போது தேடினார்கள், எப்போது எழுதினார்கள் என்று நேரத்தோடு காட்டும். டேட்டாபேஸ் வாரியாகக் கடைசி நேரத்தை எடுத்தால் போதும். எனக்கு மிகவும் பிடித்தது, ராத்திரி பேக்கப் ஓடுவதை இது பயன்பாடாகக் காட்டுவதில்லை. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் (தேடலைத் திட்டமிட சர்வர் வைத்துக்கொள்ளும் குறிப்பு) புதுப்பிப்பது போன்ற உள்வேலைகளுக்குத் தனி காலம் (column). இவ்வளவு தெளிவாகப் பிரித்துத் தரும் வசதி வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் எஸ்கியூஎல் சர்வர் ஒருமுறை நின்று ஓடினால் இந்தக் கணக்கு எல்லாம் அழிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் மின்சாரம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு சர்வரை மறுபடி ஏற்றியபோது அதுவரை சேர்ந்த தடயம் ஒன்றுகூட இல்லை. அதன் பிறகு யாரும் தொடாத டேட்டாபேஸுக்கு ஒரு வரிகூட வராது. புதிதாகப் பார்க்கிறவர் அதை யாருமே பயன்படுத்தியதில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

எஸ்கியூஎல் சர்வரின் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸில் இது இன்னும் மோசம். அதில் உருவாக்கும் டேட்டாபேஸுக்கு ஆட்டோ க்ளோஸ் தானாகவே ஆன் ஆகியிருக்கும். கடைசி ஆள் வெளியேறியதும் டேட்டாபேஸ் மூடிக்கொள்ளும், யூசேஜ் ஸ்டேட்ஸில் அதன் வரிகளும் போய்விடும். எது எப்போதாவது மட்டும் திறக்கப்படுகிறதோ அதன் தடயம்தான் முதலில் காணாமல் போகிறது. நாம் தேடுவதே அதைத்தானே! இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. போஸ்ட்கிரெஸ் என்கிற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருள், முறையாக நிறுத்தினால் தன் எண்ணிக்கைகளை வைத்துக்கொள்கிறது. 2023-இல் வந்த 16-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு டேபிளையும் கடைசியாக ஸ்கேன் செய்த நேரத்தையும் காட்டுகிறது. இங்கே மட்டும் ஏன் முடியாது?

வேறு வழியில்லாமல் தனியாக ஒரு டேபிள் வைத்திருக்கிறேன். எக்ஸ்பிரஸில் வேலைகளை நேரத்துக்கு ஓட்டும் ஏஜெண்ட் கிடையாது என்பதால், விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர் மணிக்கொருமுறை எஸ்கியூஎல் கமாண்ட் (sqlcmd) மூலம் நேரங்களை அதில் எழுதும். சர்வர் எப்போது தொடங்கியது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். அது இல்லாவிட்டால் ஒரு டேட்டாபேஸுக்கு வரி இல்லாததற்கு அர்த்தமே தெரியாது.

அப்புறம் காலக் கணக்கு. முப்பது நாள், தொண்ணூறு நாள் தொடாவிட்டால் நீக்கலாம் என்கிற விதி டெல்டாவில் செல்லாது. நெல் கொள்முதல் டேட்டாபேஸ் குறுவை அறுவடையில் விழிக்கும், அப்புறம் சம்பா, தாளடி வரும்வரை அசையாது. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்காமல் தள்ளிப்போய்க் குறுவை சுருங்கினால் தை வரைக்கும் அமைதிதான். பழைய வருடக் கணக்கோ ஆடிட்டர் கேட்கும் செப்டம்பரில்தான் திறக்கும். ஒரு முழு வருடம் பார்க்காமல் நான் எதையும் தொடுவதில்லை. அதன் பிறகும் முதலில் ஆஃப்லைன்தான், அதாவது அழிக்காமல் யாரும் திறக்க முடியாதபடி நிறுத்தி வைப்பது. அதனால் டிஸ்கில் இடம் மிச்சமாகாது, ஆனால் யாராவது கேட்டால் உடனே திருப்பித் தந்துவிடலாம்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பருக்கு நான் சொன்னது, இதை மட்டும் நம்பி ஒரு டேட்டாபேஸையும் அழிக்காதீர்கள் என்றுதான். எக்ஸ்பிரஸ் என்றால் இன்றைக்கே ஆட்டோ க்ளோஸை அணைத்துவிடுங்கள். எக்ஸ்பிரஸிலிருந்து பெரிய பதிப்புக்கு மாற்றியிருந்தாலும் பாருங்கள், பேக்கப்போடு அந்த அமைப்பும் கூடவே வந்துவிடும்.