மருத்துவமனையா, பள்ளியா, ஓ.எம்.ஆரா? சைக்காலஜி படித்தால் எங்கே போவது

என் சித்தி மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, சைக்காலஜிதான் படிப்பேன் என்று பிடிவாதமாக நின்றாள். சித்தப்பா கேட்ட முதல் கேள்வி: "கீழ்ப்பாக்கத்துல வேலைக்குப் போகப் போறியா?" சென்னைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனையால் அந்த இடத்தின் பெயரே கேலிச்சொல் ஆகிவிட்டது.

கேலி பாதி, கவலை பாதி. ஆனால் கேள்வி சரியான கேள்வி. எங்கே வேலை பார்க்கப் போகிறோம் என்று யோசிக்காமல் இந்தப் படிப்பில் சேர்பவர்கள்தான் எம்.எஸ்சி. முடித்துவிட்டு முழிக்கிறார்கள். நானே ஒரு வருடம் முழித்தேன். இப்போது ஒரு பள்ளியில் கவுன்சலர். கூடப் படித்த ஒருத்தி மருத்துவமனையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மனநலப் பிரச்சினைகளைச் சோதித்து, பேசிச் சரிசெய்யும் உளவியலாளர். இன்னொருத்தி ஐ.டி. கம்பெனிகள் வரிசைகட்டும் சென்னையின் ஓ.எம்.ஆர். சாலையில், ஒரு கம்பெனியின் எச்.ஆர். பிரிவில். பி.எஸ்சி. மூன்று வருடம், எம்.எஸ்சி. இரண்டு வருடம், அதுவரை மூவருக்கும் ஒரே பாதை.

கம்பெனிக்காரியை முதலில் சொல்லிவிடுகிறேன், சொல்ல அதிகம் இல்லை. எங்களில் முதலில் சம்பளம் வாங்கியவள் அவள், முதலில் வீட்டுக்கடன் வாங்கியவளும் அவளே. ஆளெடுக்கும்போது வைக்கிற மனப்பண்புத் தேர்வுகள் வெளியில் இருந்து தயாராக வந்துவிடுகின்றன. இவள் அனுப்பி, மதிப்பெண்ணைப் பார்த்தால் போதும். "ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பும்போதுதான் படிச்சது கொஞ்சம் உதவுது" என்பாள். பதவி உயர்வில் போட்டி எம்.பி.ஏ. படித்தவர்களோடு. அங்கே சைக்காலஜி பட்டம் உள்ளே நுழைய உதவும், மேலே ஏற்றிவிடாது.

மருத்துவமனைக்காரியின் கதை நீளம். எம்.எஸ்சி.க்கு அப்புறம் இரண்டு வருடம் முழுநேர எம்.ஃபில்., அதுவும் இந்திய மறுவாழ்வுக் கழகம், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த இடத்தில். சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனம், போரூர் ராமச்சந்திரா மாதிரிச் சில இடங்கள்தான். நுழைவுத்தேர்வு, நேர்காணல் எல்லாம் உண்டு. முதல் தடவை அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆக மொத்தம் எட்டு வருடம். சொந்தக்காரர்கள் விடுவார்களா, "அதுக்கு எம்.பி.பி.எஸ்.ஸே படிச்சிருக்கலாமே" என்றார்கள். (சைக்கியாட்ரிஸ்ட், அதாவது மனநல மருத்துவர் ஆக எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.டி. மூன்று வருடம். மாத்திரை எழுதுவது அவர்கள். எங்களில் யாருக்கும் அந்த உரிமை இல்லை. ஆனாலும் கல்யாண வீடுகளில் எல்லோரும் எங்களிடம்தான் தூக்க மாத்திரை கேட்கிறார்கள்.)

இப்போது அந்த எம்.ஃபில். வழியும் மூடுகிறது. புதிய கல்விக் கொள்கையில் எம்.ஃபில். கிடையாது. கிளினிக்கல் சைக்காலஜி போன்ற ஓரிரு படிப்புகளுக்கு மட்டும் 2025-26 சேர்க்கை வரை பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., விட்டுவைத்தது. இனி கிளினிக்கல் சைக்காலஜியிலேயே பி.எஸ்சி. ஆனர்ஸ், எம்.ஏ., சை.டி. எனும் முனைவர் பட்டம் என்று ஆர்.சி.ஐ.யின் புதிய ஏற்பாடு. அஞ்சல் வழியில் படிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து சைக்காலஜியைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. பணம் கட்டுமுன் கல்லூரியின் பெயர் மட்டுமல்ல, அந்தப் படிப்பின் பெயரும் ஆர்.சி.ஐ. பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? ஒரு கையெழுத்துக்கு.

போன வருடம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். மனக்கணக்கில் புலி. நோட்டைத் திறந்தால் 'பட்டம்' என்பது 'படட்ம்' என்று இருக்கும், புள்ளி ஒவ்வொரு வரியிலும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். மூன்று வாரம் பார்த்துவிட்டு அம்மாவை அழைத்துப் பேசினேன். கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். ஆனால் என் கடிதத்தை வைத்து அதைக் கேட்க முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் சோதித்து அறிக்கை தர வேண்டும், மருத்துவக் குழு பார்க்க வேண்டும். கண்டுபிடித்தது நான், கையெழுத்து போட வேறொருவர். இந்த வேலையில் எனக்கு உறுத்துவது இது ஒன்றுதான்.

அந்தக் கையெழுத்தும் சும்மா வருவதில்லை. மருத்துவமனைத் தோழியின் மேசையில் சோதனைக்கென்று ஒரு மரப்பலகை இருக்கும். அதில் வட்டம், நட்சத்திரம், சிலுவை என்று பத்துக் குழிகள். குழந்தை கட்டைகளைப் பொருத்த வேண்டும். மூன்று முறை, அதில் மிகக் குறைந்த நேரத்தைத்தான் கணக்கில் எடுப்பாள். ஸ்டாப்வாட்சைக் கையில் மறைத்து வைத்துக்கொண்டு முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருப்பாள். பாதி நாள் இப்படி, மீதி நாள் அறிக்கை எழுதுவதில் போகும். அவளிடம் நான் பொறாமைப்படுவது வேறொன்றுக்கு, அவளுடைய தமிழுக்கு. நாங்கள் படித்தது முழுக்க ஆங்கிலத்தில். பூ விற்கிற அம்மாவிடம் போய் "டிப்ரஷன் இருக்கா" என்று கேட்க முடியுமா? "நெஞ்சை அடைக்குது", "தலை கனமா இருக்கு", "எதுலயும் மனசு ஒட்டல" என்று வருகிற பேச்சில் எது எது என்று பிரித்தறிய வார்டில்தான் கற்றாள்.

என் பள்ளி அறை முன்பு விளையாட்டுப் பொருள் வைத்திருந்த இடம். மூலையில் இன்னும் வாலிபால் வலை கிடக்கிறது. ஆசிரியர் வராத நாளில் அந்த வகுப்பு என் தலையில். ஒரு பிள்ளை அழுதுவிட்டுப் போனால் பத்தாவது நிமிடம் மேலிடத்திலிருந்து யாராவது "என்ன சொன்னான்?" என்று கேட்பார்கள். சொல்லாமல் சமாளிப்பதுதான் என் திறமையின் பெரும்பகுதி. சம்பளம் ஆசிரியர் அளவுதான், சில இடங்களில் அதுவும் இல்லை. ஆனால் தோழியிடம் வருவதற்கு ஆறு, ஏழு வருடம் முன்பே பிள்ளை என் அறைக்கு வந்துவிடுகிறது, ஒரு வலையைப் பிய்த்துக்கொண்டே பேச ஆரம்பித்துவிடுகிறது.

சித்தி மகளுக்கு நான் சொன்னது இதுதான். வீட்டில் இருபத்தைந்து வயது வரை சம்பளம் எதிர்பார்க்கமாட்டார்கள் என்றால் கிளினிக்கல், வேறு யோசனையே வேண்டாம். முடியாது என்றால் பள்ளி. கம்பெனி வேலைதான் ஆசை என்றால் வேறு ஏதாவது பட்டம் வாங்கிக்கொண்டு எம்.பி.ஏ. போவது மேல், மூன்று வருடம் புள்ளியியலோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

அவள் பி.எஸ்சி. சேர்ந்துவிட்டாள். சித்தப்பா இப்போது கீழ்ப்பாக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை. முட்டுக்காட்டில் ஹாஸ்டல் உண்டா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.