நாளிதழ் வேலையா, சுயேச்சையா?

கோலாலம்பூரில் இருந்துகொண்டு சமயத்தையும் அறிவியலையும் சேர்த்துத் தமிழில் எழுத ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு இரண்டு வழிதான்: நாளிதழில் சேர்வது, இல்லையென்றால் சுயேச்சையாக எழுதுவது.

நாளிதழ் என்றால் மாதம் பிறந்தால் சம்பளம். கோயில் தலைவரும் பேராசிரியரும் போனை எடுப்பார்கள். ஆனால் தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளையும் ஏறி இறங்கி, கூட்டம், காவடி, அமைச்சர் வருகை என்று எழுதி அனுப்புவதற்குள் பக்கம் முடிக்கிற நேரம் வந்துவிடும்.

சுயேச்சை என்றால் அதே மலையைப் பற்றித் திருவிழா ஓய்ந்த பிறகு நிதானமாக எழுதலாம். முருகன் குடியிருக்கும் அந்தச் சுண்ணாம்புப் பாறைக்குச் சுமார் 40 கோடி வயது. பக்கத்து இருட்டுக் குகையில் ஓர் அரிய சிலந்தி, மண்ணும் பட்டிழையும் கலந்து தன் வளைக்கு மூடி போட்டு, வாசலில் நீட்டிய இழையில் பூச்சியின் கால் பட்டதும் பாய்ந்து பிடிக்கிறது. பக்தியையும் சிலந்தியையும் ஒரே கட்டுரையில் மரியாதையோடு வைக்க அவகாசம் வேண்டும், அது நாளிதழில் கிடைக்காது.

2007இல் மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முசாபார் ரமலான் மாதத்தில் விண்வெளிக்குப் போனபோது, அங்கே எப்படித் தொழுவது என்று வழிகாட்டி நூலே வந்தது. செய்தியாக அது நாலு பத்தி. உண்மையில் எவ்வளவு பெரிய விஷயம்!

சரி, காசு? கட்டுரை வந்தும் பணம் இழுத்தடிக்கும், வாடகை காத்திருக்காது. அதனால் முதலில் நாளிதழில் சேருங்கள். ஆட்களைப் பழகிக்கொண்டு, கொஞ்சம் ரிங்கிட் சேர்த்துவிட்டு அப்புறம் வெளியே வாருங்கள்.