பட்டறைக்குள் இருக்கும் கணக்கு: ‘மேத்-இன்-சிடிஇ’ ஆசிரியர் பயிற்சி எப்படி?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பொதுப்பாடமும் தொழிற்பாடமும் கைகோக்க வேண்டும் என்று தொழிற்கல்விக்கு மத்திய அரசு நிதி தரும் பெர்கின்ஸ் சட்டம் 1990 திருத்தத்திலிருந்தே வலியுறுத்தி வருகிறது. அதற்காக ஆசிரியர்களுக்கு நடத்தப்படும் பயிற்சி பல சமயம் ஒரு நாள் கூட்டத்தோடும் கை நிறையத் தாள்களோடும் முடிந்துவிடும். தொழிற்கல்விக்கான தேசிய ஆய்வு மையம் உருவாக்கிய ‘மேத்-இன்-சிடிஇ’ (தொழிற்பாடத்துக்குள் கணிதம்; சிடிஇ என்றால் தொழில், தொழில்நுட்பக் கல்வி) அந்த ரகம் அல்ல. நாள் அதிகம், ஏற்பாடும் அதிகம். அப்படியிருந்தும் இந்த வகைப் பயிற்சிகளில் முதலில் கைகாட்ட வேண்டியது இதைத்தான்.

மொத்தம் 10 நாள்: கோடை விடுமுறையில் 5, இலையுதிர் காலத்தில் 2, குளிர்காலத்தில் 2, வசந்தத்தில் 1. ஒரு தொழிற்பாட ஆசிரியரும் ஒரு கணித ஆசிரியரும் ஜோடியாக வர வேண்டும். ஆட்டோமொபைல் ஜோடிகள் ஒரு குழு, வேளாண் இயந்திர ஜோடிகள் இன்னொரு குழு என்று உட்காருவார்கள்.

முதல் வேலை, தொழிற்பாடத் திட்டத்தை அலகு அலகாக விரித்து, அதில் ஏற்கெனவே இருக்கும் கணக்கைக் குறிப்பது. கணித நூலை வைத்துக்கொண்டு ‘பின்னத்தை எங்கே நுழைக்கலாம்’ என்று தேடக் கூடாது. இந்த ஒரு விதிதான் பயிற்சியின் உயிர். வெளியிலிருந்து ஒட்டவைத்த கணக்கை மாணவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர்களை இழுத்துப் பிடிக்க முடியாது.

அடுத்து பாடம் எழுதுவது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஏழு படிகள். காரின் முகப்பு விளக்கு மங்கலாக எரிவதை எடுத்துக்கொள்வோம். முதல் படியில் பாடம் தொழிற்பாடமாகவே தொடங்குகிறது: விளக்கு ஏன் மங்கல்? இரண்டாவதில், மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றுக்கும் என்ன உறவு என்று கேட்டு, மாணவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்கிறார் ஆசிரியர். மூன்றாவதில் மீட்டர் வைக்கிறார்கள். பேட்டரி முனையில் 12.5 வோல்ட், பல்பின் முனைகளில் 11.0. வழியில் 1.5 வோல்ட் போய்விட்டது. ஓடும் மின்னோட்டம் 5 ஆம்பியர். 1.5-ஐ 5-ஆல் வகுத்தால் 0.3 ஓம்; கம்பியிலும் இணைப்புகளிலும் இருக்கும் தேவையற்ற தடை அது. துருப்பிடித்த எர்த் இணைப்பைச் சுரண்டிவிட்டு மறுபடி அளந்தால் எண் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். நான்காவது படியில் அதே கணக்கு வேறு வேலையில் வருகிறது: ஸ்டார்ட்டர் கேபிளில் 150 ஆம்பியர் ஓடும்போது 0.6 வோல்ட் குறைந்தால் தடை எவ்வளவு? 0.004 ஓம். தசமப் புள்ளியில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஐந்தாவது படியில் காரை மறந்துவிட வேண்டும். கரும்பலகையில் 1.5 = 5x மட்டும். x என்ன? ஆறாவதில் மாணவர்கள் தாங்களே செய்து காட்டி விளக்குகிறார்கள். ஏழாவது படி, அந்த அலகின் தேர்விலேயே இந்தக் கணக்குக்கும் ஒரு கேள்வி.

பயிற்சி வகுப்பறைக்குப் போனதும் அதிகம் அடிபடுவது ஐந்தாவது படி. மணி அடிக்க நேரமாகியிருக்கும். வெறும் சமன்பாடு என்றால் தொழிற்பாட ஆசிரியருக்கே கூச்சமாக இருக்கும். ‘விளக்குதான் எரிந்துவிட்டதே, போதும்’ என்று தோன்றும். அதை விட்டால், இணைப்பின் தடையைத் தப்பில்லாமல் கண்டுபிடித்த மாணவியே தேர்வுத் தாளில் 1.5 = 5x-ஐப் பார்த்து விழிப்பாள். இரண்டும் ஒன்றே என்று அவளுக்கு யாரும் காட்டவில்லையே! ஐந்தாவது படிக்குப் பத்து நிமிடமாவது தனியே ஒதுக்கிவிட்டு மற்றதைத் திட்டமிடுவது நல்லது.

சொற்களிலும் சிக்கல் உண்டு. கூரை போடுபவர் ‘12-க்கு 4 பிட்ச்’ என்பார்; 12 அடி கிடையாகப் போனால் 4 அடி ஏற்றம் என்று பொருள். கணித ஆசிரியர் ‘சாய்வு 1/3’ என்பார். மூன்றாவது படியிலேயே இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட வேண்டும்.

சில ஜோடிகளில் கணித ஆசிரியர் சாக்பீஸைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறார். அது இந்த முறைக்கே எதிரானது. வகுப்பை நடத்துபவர் தொழிற்பாட ஆசிரியர். கணித ஆசிரியரின் வேலை பாடத்துக்கு முன்பு உட்கார்ந்து சந்தேகம் தீர்ப்பதும், முடிந்தபின் எங்கே தடுமாறியது என்று சேர்ந்து பார்ப்பதும். இருவருக்கும் பொதுவான ஓய்வுப் பாடவேளையை அட்டவணையில் ஒதுக்காத பள்ளியில் இந்தச் சந்திப்பு சில வாரத்தில் நின்றுபோகும். பிறகு ஏழு படிகள் தாளில் மட்டும் இருக்கும்.

பலன் உண்டா? 2004–05 கல்வியாண்டில் ஆசிரியர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து இதைச் சோதித்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் மாணவர்கள் டெர்ராநோவா (பள்ளி அளவிலான பொதுக் கணிதத் தேர்வு), அக்யூபிளேசர் (கல்லூரியில் எந்த நிலைப் பாடத்தில் சேர்வது என்று பார்க்கும் தேர்வு) இரண்டிலும் முந்தினார்கள். வேலையிடக் கணக்கைச் சோதிக்கும் வொர்க்கீஸ் தேர்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கணக்குப் பாடங்கள் எடுத்துக்கொண்டது வகுப்பு நேரத்தில் ஏறக்குறைய 11 சதவீதம்தான், தொழில்திறனும் குறையவில்லை. ‘இன்ஜினைக் கழற்றிப் பூட்டும் நேரத்தைக் கணக்கு தின்றுவிடும்’ என்று தயங்கும் ஆசிரியர்களுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

குறை என்றால், பாதை ஒருவழி. பட்டறையில் பார்த்ததைக் கணித ஆசிரியர் தன் வகுப்புக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதற்கு இதில் வழிகாட்டுதல் குறைவு. அறிவியலையும் எழுத்து வாசிப்பையும் இணைக்க விரும்புபவர்களுக்கும் இது போதாது. அவற்றுக்கு அதே மையம் தனி வடிவங்களை உருவாக்கியது.

சேர்வதற்கு முன் தலைமை ஆசிரியரிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்கிவிடுங்கள்: ஆண்டு நடுவே வரும் 5 நாளுக்கு இரண்டு ஆசிரியருக்கும் மாற்று ஆள், பொதுவான ஓய்வுப் பாடவேளை, அந்த ஆண்டு முழுக்க இருவரையும் இடம் மாற்றுவதில்லை என்ற உறுதி. இவற்றில் பாடவேளை கிடைக்காது என்றால் இந்த ஆண்டு சேராமல், அடுத்த ஆண்டு அட்டவணை போடும் முன்பே போய்க் கேளுங்கள்.