தான்சானியாவில் ஒரு மாதம்: முதலில் ஸ்வாஹிலியா, வேலையா?

கம்பெனி சார்பில் தன்னார்வப் பணிக்கு தான்சானியா போகிறவர்களுக்கு, கிளம்பும் முன் ஆபீஸ் வேலைக்கு நடுவே மிஞ்சுவது வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம்தான். அதில் அந்நாட்டு மொழியான ஸ்வாஹிலி படிப்பதா, அங்கே நம்மை எதிர்பார்த்திருக்கும் அமைப்போடு பேசுவதா?

ஸ்வாஹிலி படிப்பதில் பலன் உண்டு. பெரியவர்களைப் பார்த்ததும் 'ஷிகமூ' என்று சொன்னால் 'மரஹபா' என்று ஏற்றுக்கொள்வார்கள், அதோடு பேச்சே இளகிவிடும். அப்புறம் நேரக் கணக்கு. 'ஸா தாத்து' என்றால் சொல்லுக்குச் சொல் 3 மணி, ஆனால் அவர்கள் சொல்வது காலை 9 மணியை, ஏனென்றால் நம் பஞ்சாங்க நாழிகை மாதிரி விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். இது தெரியாமல் போனால் முதல் கூட்டத்தையே கோட்டைவிடுவோம்.

ஆனால் ஒரு மாதத்தில் ஸ்வாஹிலியில் வேலை பார்க்கும் அளவுக்கு யாரும் தேறிவிட முடியாது. அமைப்போடு பேசுவது அப்படியல்ல. உதாரணமாக, அது ஒரு மருத்துவமனை என்றால், 'கணினிப் பயிற்சி வேண்டும்' என்று ஒற்றை வரியில் கேட்டிருப்பார்கள். இரண்டு தடவை போனில் பேசினால்தான் மருந்து இருப்பு இன்னும் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது, இருக்கும் ஒரே கணினியைக் கணக்கர் வைத்திருக்கிறார், நாம் திரும்பிய பிறகு அதைத் தொடர ஆளே இல்லை என்பதெல்லாம் வெளியே வரும். அங்கே போய் இதைக் கண்டுபிடித்தால் முதல் வாரம் போச்சு. நான்கு வாரத்தில் ஒரு வாரம் என்பது அவர்களுக்கும் இழப்பு.

என் கணக்கில் முக்கால் பங்கு நேரம் அமைப்புக்கு, மீதி வணக்கம், நன்றி, எண்கள், நேரம் சொல்வதற்கு. போன் செய்யும்போது நினைவிருக்கட்டும், அங்கே காலை 9 என்றால் இந்தியாவில் 11.30.