தோள் கழன்றவர்கள் முழுப் பணத்தையும் முதல் நாளே கட்டிவிடாதீர்கள்

செங்கோட்டை, புளியரைப் பக்கம் வாலிபால் ஆடுகிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். 14,000 ரூபாயும் ஒரு சீசனும் போன கதை.

ஜூன் கடைசி. சாரல் விழுந்து கிரவுண்டு சொதசொதவென்று கிடந்தது. ஆட வேண்டாம் என்று அண்ணன்மார் சொன்னதைக் கேட்காமல் இறங்கி, பந்தை எடுக்கப் பாய்ந்து, வலது கையை ஊன்றி விழுந்ததில் தோள் மூட்டு முன்பக்கமாகக் கழன்றுவிட்டது. அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து மூட்டை உள்ளே தள்ளி, கையைத் தொங்கவிட ஸ்லிங் கொடுத்தார்கள். மூன்று வாரம் போனதும் பிசியோவுக்கு வா, அவசரப்படாதே, உன் வயசுக்காரனுக்குத்தான் மறுபடி மறுபடி கழலும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அவசரம் என்னுடையதுதான், ஆகஸ்ட் 15 போட்டி கண்ணை மறைத்தது.

டீமில் ஒருவன் சொல்லி, மலை தாண்டி கேரளாவில் விளையாட்டுக் காயத்துக்கென்றே போர்டு வைத்த ஓர் இடத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்க ஃபுட்பால்காரர்கள் படம். "பேடிக்கண்டா மோனே" (பயப்படாதே மகனே) என்றார் அங்கே இருந்தவர், எல்லோரும் டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். 20 சிட்டிங், 14,000, மொத்தமும் முன்பணம். ஜிபே செய்துவிட்டேன்.

ஒவ்வொரு முறையும் ஒத்தடம், கரண்ட் மெஷின், ஜெல் தடவி ஒரு மெஷின், கடைசியில் எண்ணெய். படுத்திருக்கும்போது சுகமாகத்தான் இருக்கும். திரும்பும் பஸ்ஸில் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எஸ் வளைவு இறங்குவதற்குள் வலி வந்துவிடும். பன்னிரண்டு சிட்டிங்கில் ஒரு நாளாவது கையைத் தூக்கிக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை, இழுத்துப் பயிற்சி செய்கிற ஒரு ரப்பர் பட்டையைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. தோள் என்பது சின்னத் தட்டில் பெரிய பந்து உட்கார்ந்த மாதிரி, சுற்றியிருக்கும் தசைகள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன, அந்தத் தசைக்கு வலு உடற்பயிற்சியில்தான் வரும், கரண்ட் கொஞ்ச நேரத்துக்கு வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆடலாமா என்று கேட்டேன். "ஒக்கே ஷெரியாயி, களிச்சோ" (எல்லாம் சரியாகிவிட்டது, ஆடு) என்றார். ஆகஸ்ட் 15, இரண்டாவது செட், ஓங்கி ஒரு ஸ்மாஷ். மறுபடி கழன்றது. எம்ஆர்ஐயில் மூட்டுக்குழியின் விளிம்புக் குருத்தெலும்பு கிழிந்திருப்பது தெரிந்தது.

மீதி எட்டு சிட்டிங் பணத்தையாவது கேட்போம் என்று போனால், திருப்பித் தர மாட்டோம், ரசீதிலேயே எழுதியிருக்கிறது என்கிறார்கள். ரசீது மலையாளத்தில். செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் படித்த எங்கள் தாத்தாவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு, 1956ல் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்கு அப்புறம் பிறந்த நாங்கள் என்ன செய்வது? துருவிக் கேட்டதில் அந்த "டாக்டர்" படித்தது ஏதோ மசாஜ் கோர்ஸ். பிசியோதெரபிக்கு பிபிடி என்கிற இளநிலைப் பட்டம் வேண்டும், இன்டர்ன்ஷிப்போடு நாலு வருஷத்துக்கு மேல் படிக்க வேண்டும். அதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

கடை கேரளாவில் இருக்கிறதே, அங்கே போய் அலைய வேண்டுமா என்று நினைக்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருந்தேன், மனுவோடு சேர்த்திருக்கிறேன்.

இப்போது போகிற பிசியோ அக்கா முதல் நாளே இரண்டு கையையும் தூக்கச் சொல்லி அளந்து நோட்டில் எழுதினார். இடது கைக்குச் சமமாக வலது கை வர வேண்டும், ஓங்கும்போது கழன்றுவிடுமோ என்கிற பயம் போக வேண்டும், அதுவரை பந்தைத் தொடாதே என்றிருக்கிறார். ஆபரேஷன் வேண்டுமா என்று அப்புறம் பார்ப்பார்களாம். மஞ்சள் பட்டையை இழுத்துக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் கிரவுண்டில் ஸ்கோர் எழுதுகிறேன், இடது கையால்.