மீனுக்கு லைட், லோடுக்கு ஆர்டிஜிஎஸ்: எந்தத் தொகைக்கு எந்த வழி?

நாட்டின் டிஜிட்டல் பரிமாற்றங்களை எண்ணிக்கையில் பார்த்தால் ஐந்தில் நான்குக்கு மேல் யுபிஐ. மதிப்பில் பார்த்தால் முதலிடம் இன்றும், பெரிய தொகையை வங்கிக்கு வங்கி அனுப்பும் ஆர்டிஜிஎஸ். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் வாங்கும் கீரைக்கட்டுக்கும் பண்ருட்டியில் ஏற்றும் முந்திரி லோடுக்கும் ஒரே வழி ஒத்துவராது.

கீரை, மீன், டீ என்று ஓயாமல் ஸ்கேன் செய்கிறவருக்கு யுபிஐ லைட் நல்லது. யுபிஐ ஆப்பிலேயே இருக்கும் சின்னப் பர்ஸ் அது, கணக்கிலிருந்து 5,000 ரூபாய் வரை ஏற்றிவைக்கலாம். ஒரு தடவைக்கு 1,000 வரை பின் நம்பர் கேட்காது. பாஸ்புக்கில் ஏற்றிய தொகை மட்டும் ஒரே வரியாக விழும். ஆனால் பின் இல்லாததால், போனைத் திறக்கத் தெரிந்தவர் கையில் அது ரொக்கம்தான். போன் மாற்றுவதற்கு முன் லைட்டை மூடிவிடுங்கள், மீதி கணக்குக்குத் திரும்பிவிடும்.

சாதாரண யுபிஐயில் பணம் பிடித்தமாகி எதிராளிக்குப் போய்ச் சேரவில்லை என்றால் உடனே மறுபடி அனுப்ப வேண்டாம். தனி ஆளுக்கு அனுப்பியது மறுநாளுக்குள்ளும், கடைக்கு அனுப்பியது ஐந்து நாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி 2019-இல் போட்ட விதி. நம்பர் தவறி வேறொருவருக்குப் போன பணத்துக்கு இது பொருந்தாது. வங்கியைப் பொறுத்தவரை அது ஒழுங்காக முடிந்த பரிமாற்றம்!

கடலூர் துறைமுகத்தில் மொத்தமாக மீன் எடுப்பவருக்கு யுபிஐயின் 1 லட்சம் நாள் வரம்பு சீக்கிரமே முட்டும். புதுப் போனில் பதிவு செய்திருந்தால் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000தான். ஏலத்துக்கு முதல்நாள் போன் மாற்றாதீர்கள். 5 லட்சம் வரை கணக்குக்குக் கணக்கு உடனே போக, வங்கி ஆப்பில் இருக்கும் ஐஎம்பிஎஸ். 2 லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஆர்டிஜிஎஸ், அதுவும் உடனடிதான். அவசரமில்லையென்றால் நெஃப்ட்: அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போகும், சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் அனுப்பினால் கட்டணமில்லை. நெஃப்ட்டும் ஆர்டிஜிஎஸ்ஸும் இப்போது ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். வங்கி வரவு வைப்பது கணக்கு எண்ணை மட்டும் பார்த்துத்தான். 2025 ஏப்ரல் முதல் இந்த இரண்டிலும் அனுப்பும் முன்பே பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதி உண்டு, அதைப் படிக்காமல் ஓகே அழுத்துவதில்தான் பெரிய தொகை தவறிப் போகிறது.

ரொக்கத்துக்கு ஒரே எச்சரிக்கை: ஒருவரிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி அபராதம் வாங்கியவருக்கு.

செக் ஒழிந்துவிட்டது என்று கடனுக்குச் சரக்கு கொடுப்பவர் சொல்ல மாட்டார். பின்தேதி போட்ட செக் திரும்பினால், தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பலாம். அது கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால் குற்ற வழக்கு. யுபிஐயில் 'அடுத்த வாரம் போடுறேன்' என்ற பேச்சுக்கு இந்தப் பிடி கிடையாது. 2025 அக்டோபர் 4 முதல் வங்கிகளுக்கிடையே செக்கைப் பணமாக்கும் கிளியரிங்கும் தொகுப்பாக இல்லாமல் தொடர்ந்து நடக்கிறது: காலையில் போட்டது அன்றே பாஸாகலாம். செக் கொடுத்துவிட்டு, பணத்தை நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம் என்றிருந்தவர்களுக்கு அந்த ஒரு நாள் அவகாசமும் போயிற்று.