டோக்கியோவில் மதியச் சாப்பாடு: குடும்பக் கடையா, செயின் கடையா?

டோக்கியோவுக்கு வேலைக்கு வரும் நம்மவர்களில் பலர் எடோகாவா வார்டில் நிஷிகசாய் பக்கம் வீடு பிடிக்கிறார்கள். இந்திய மளிகை, தோசை, தெரிந்த முகங்கள் எல்லாம் அங்கே உண்டு என்பதால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பெரிய கவலை இல்லை. மதியம்தான் சிக்கல். தோசாய் லைன் ரயிலில் கயபாச்சோ, ஒத்தேமாச்சி என்று அலுவலகம் போகிறவருக்கு டப்பா கட்டும் பொறுமை இல்லாவிட்டால் வேலை நாள் அத்தனையும் வெளியில்தான் சாப்பாடு. நான் அந்தப் பொறுமை இல்லாத கட்சி. மீன், கோழி, முட்டை சாப்பிடுவேன். மாடும் பன்றியும் வேண்டாம். இந்த நிபந்தனையோடு கயபாச்சோ வட்டாரத்தில் எல்லா வகைக் கடையிலும் ஏறி இறங்கிவிட்டு, வயதான தம்பதி நடத்தும் ஒரு சின்ன ஷொக்குடோவின் (ஜப்பானியச் சாப்பாட்டுக் கடை) வாடிக்கையாளன் ஆகிவிட்டேன். அதனால் இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

போட்டியில் இருந்து சீக்கிரம் கழன்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். யோஷினோயா, மட்சுயா, சுகியா போன்ற மாட்டிறைச்சிக் கிண்ணக் கடைகளில் 500 யென் சுமாருக்கு வயிறு நிறையும், உட்கார்ந்த சில நிமிடங்களில் கிண்ணம் எதிரில் இருக்கும். மலிவும் வேகமும் போதும் என்றால் மேற்கொண்டு படிக்கவே தேவையில்லை. ஆனால் அவை ஒரே பண்டத்தை நம்பி நிற்கும் கடைகள். 1899-இல் நிஹோம்பாஷி மீன் சந்தையில் தொடங்கிய யோஷினோயா, அமெரிக்க மாட்டிறைச்சி இறக்குமதி நின்றுபோனதால் 2004 பிப்ரவரியில் தன் முக்கியப் பண்டத்தையே நிறுத்த வேண்டிவந்தது. 2006 செப்டம்பரில் அது திரும்பும்வரை பன்றி இறைச்சிக் கிண்ணத்தை வைத்துச் சமாளித்தார்கள். எனக்கு இரண்டுமே ஆகாது. காலையில் தரும் சால்மன் செட் மட்டும் நன்றாக இருக்கும். சைசேரியா, கஸ்டோ போன்ற ஃபேமிலி ரெஸ்டாரண்டுகள் குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சரி. தனியாகப் போய் அரைமணியில் அலுவலகம் திரும்புகிறவருக்கு அங்கே வேலை இல்லை.

மிச்சம் இரண்டு. ஒன்று, தெய்ஷொக்கு என்ற செட் சாப்பாடு விற்கும் செயின்கள்: ஓட்டோயா, யாயோய்கென் இரண்டும் பெரியவை. மற்றது குடும்பமாக நடத்தும் ஷொக்குடோ. நம்மூர் மெஸ் மாதிரிதான் இது: பதினைந்து இருபது இருக்கை, சமைக்க ஒருவர், பரிமாற ஒருவர். இரண்டு இடத்திலும் தட்டில் வருவது ஏறக்குறைய ஒன்றே. சோறு, மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், ஊறுகாய், ஒரு தொடுகறி, நடுவில் மீனோ கோழியோ. நான் போகும் இடங்களில் விலையும் பக்கத்தில் பக்கத்தில், 900 யென், 1,000 யென் என்றுதான் நிற்கிறது. ஆக விலையை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

செயின்களுக்கு உரிய பாராட்டைக் கொடுத்துவிட வேண்டும். படம் போட்ட மெனு உண்டு, ஆங்கிலமும் பெரும்பாலும் இருக்கும். கார்டு வாங்குவார்கள், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். யாயோய்கென்னில் வெள்ளைச் சோறு எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். 2019-இல் சில கிளைகளில் இரண்டாவது சோற்றுக்குக் காசு வாங்கிப் பார்த்தபோது பெரிய சர்ச்சையே ஆனது. (அந்தப் பெயரே 1886-இல் இதே கயபாச்சோவில் திறந்த ஒரு மேல்நாட்டுச் சாப்பாட்டுக் கடையின் பெயர்தான் என்பது எங்கள் பேட்டைக்காரர்களுக்கு ஒரு பெருமை.) ஒவ்வாமை உள்ளவர்கள் யோசிக்காமல் செயினுக்கே போகலாம். பொட்டலத் தீனிக்குத்தான் இங்கே ஒவ்வாமைப் பட்டியல் சட்டப்படி கட்டாயம், உணவகத்துக்கு இல்லை. ஆனாலும் பெரிய செயின்கள் தாங்களாகவே ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் வெளியிடுகின்றன. சின்னக் கடையில் கேட்டால் பெரியவர் யோசித்துப் பதில் சொல்வார். அவர் நினைவை நம்பி உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

சுத்த சைவர்களுக்கு இரண்டு பக்கமும் கதவு சாத்தியதுதான். மிசோ சூப், வேகவைத்த காய், ஏன், கீரையின் மேல் ஊற்றும் சாறு வரைக்கும் கட்சுவோ மீன் சீவலில் இறக்கிய தாஷி என்ற அடிச்சாறு இருக்கும். அது விடிகாலையிலேயே அண்டாவில் தயாராகிவிடுகிற சமாச்சாரம், உங்களுக்காக யாரும் பிரித்தெடுக்க முடியாது. கோகோ இச்சிபான்யா என்ற கறிச்சோற்றுச் செயினின் சைவக் கறி போன்றவற்றைத் தேடிப் போவதே நல்லது.

சரி, என்னைக் குடும்பக் கடைப் பக்கம் தள்ளிய விஷயத்துக்கு வருகிறேன். சுவை என்று சொல்லமாட்டேன். முதல் தடவை சாப்பிடும்போது ஓட்டோயாவின் கருப்பு வினிகர் சாஸ் ஊற்றிய கோழியும் காய்கறியும் பல ஷொக்குடோ சமையலை விட மேலாகவே தெரியும். சுற்றுலா வந்தவர் ஒருநாள் சாப்பிட அது தாராளமாகப் போதும். ஆனால் வேலைக்கு வந்தவன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அடுத்த வாரமும், அதற்கடுத்த மாதமும் இதே கடைக்கு அலுக்காமல் போக முடியுமா? நான் இதை மட்டும்தான் பார்த்தேன்.

செயின் மெனு பெரியதாகத் தெரியும். மாடு, பன்றியைப் பட்டியலில் இருந்து நீக்கிவிட்டால் எனக்கு மிஞ்சுவது உப்பிட்டுச் சுட்ட கானாங்கெளுத்தி, ஹொக்கே மீன், வறுத்த கோழியில் இரண்டு மூன்று வகை, அவ்வளவே. பருவத்துக்கு ஒரு புதுப் பண்டம் போஸ்டரில் வரும், போகும். மற்றபடி ஏப்ரலில் சாப்பிட்ட தட்டுதான் அக்டோபரிலும். அதே அளவு துருவிய முள்ளங்கி, அதே தொடுகறி, அதே உப்பு. செயின் விற்பதே இந்த மாறாமையைத்தான், அதைக் குறையென்று சொல்ல முடியாது. ஆனால் சில வாரங்களில் எனக்கு மெனுவைத் திறக்கவே அலுப்பாகிவிட்டது.

ஷொக்குடோவில் மெனுவைத் திறக்கும் வேலையே இல்லை. சுவரில் காகிதப் பட்டைகளில் எழுதி ஒட்டிய நிரந்தர ஐட்டங்கள் ஒருபுறம் கிடக்கட்டும். வாசல் பலகையில் எழுதியிருக்கும் 'ஹிகவாரி தெய்ஷொக்கு', அதாவது அன்றைய சாப்பாடு, அதைத்தான் முக்கால்வாசிப் பேர் கேட்பார்கள். காலையில் எது நல்ல விலைக்குக் கிடைத்ததோ அது. வசந்தத்தில் நம் வஞ்சிரத்துக்குச் சொந்தக்கார மீனான சவாரா வரும், மிசோவில் ஊறவைத்துச் சுட்டு. மழைக்காலத்தில் கொழுத்த மத்தி, கோடையில் பொரித்த அஜி, குளிரில் முள்ளங்கியோடு வேகவைத்த புரி. இலையுதிர் காலத்து சன்மா மீனை மட்டும் முன்போல நம்ப முடியாது. பிடிபடுவது குறைந்து குறைந்து, அது பலகையில் ஏறும் நாளே ஒரு செய்தியாக இருந்த வருடங்கள் உண்டு. நான் போகும் கடைக்காரர் டோயோசு மீன் சந்தையில் வாங்குகிறார். அந்தச் சந்தைக்குப் பல புதன்கிழமைகளில் விடுமுறை. அன்றைக்குப் பலகையில் கோழியோ, உறைய வைத்த நார்வே கானாங்கெளுத்தியோ எழுதியிருக்கும். பலகையை வைத்தே சந்தை உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

பக்கத்துக் கிண்ணங்களில் இது இன்னும் தெரியும். ஹிஜிகி கடற்பாசியும் கேரட்டும், துருவிக் காயவைத்த முள்ளங்கி, பூசணித் துண்டு, எள் போட்ட கீரை என்று எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நேற்று மிஞ்சிய காய்க்கு இன்று ஒரு வழி பண்ணியிருப்பார்கள். இது சிக்கனம்தான், ஆனால் சாப்பிடுகிறவனுக்கு லாபம். ஊறுகாய் அரிசித் தவிட்டில் புதைத்து வைக்கும் நுக்கசுக்கே. அந்தத் தவிட்டை நாள் தவறாமல் கையால் கிளறிவிட வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும். கோடையில் புளிப்பு ஏறும், குளிரில் இறங்கும். செயின் கடை ஊறுகாய்க்கு இந்த ஏற்ற இறக்கம் கிடையாது.

எப்போதும் கொண்டாட்டம்தான் என்று நினைக்க வேண்டாம். பலகையில் பன்றி இஞ்சி வறுவலும் பன்றி மிசோ சூப்பும் சேர்ந்தே வரும் நாட்கள் உண்டு. ஆரம்பத்தில் அந்த நாட்களில் திரும்பி நடந்திருக்கிறேன். இப்போது அந்த அம்மாவே என்னைப் பார்த்ததும் "இன்று பன்றி, சால்மன் சுடட்டுமா?" என்று கேட்டுவிடுகிறார், சூப்பையும் மாற்றித் தருகிறார். செயின் கடையின் தொடுதிரையில் இதைச் செய்ய முடியாது. ஆனால் முதல் நாளே இது நடக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. முகம் பழக நாள் பிடிக்கும், ஓரளவு ஜப்பானிய மொழியும் வேண்டும்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஓட்டோயாவின் கதையே போதும். 1958-இல் இகெபுகுரோவில் அதுவும் ஒரு ஷொக்குடோவாகத்தான் பிறந்தது. செயினாக வளர்ந்த பிறகும் கிளைக்குக் கிளை சமையலறையில் சமைப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. 2020-இல் கொலோவைடு என்ற பெரிய உணவகக் குழுமம் அதை நிர்வாகத்தின் எதிர்ப்பை மீறி வாங்கியபோது நடந்த சண்டையின் நடுப்புள்ளி இதுதான்: மையச் சமையலறையில் தயாரித்து அனுப்பிச் செலவைக் குறைப்பதா, கிளையிலேயே சமைப்பதா. குழுமம் ஜெயித்தது. தட்டு அதனால் எவ்வளவு மாறியது என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு நான் முன்பு அங்கே சாப்பிட்டதில்லை. நூற்றுக்கணக்கான கிளைக்கு ஒரே மெனு என்றால் காலையில் சந்தைக்குப் போய் மனம் மாறும் சுதந்திரம் யாருக்கும் இருக்காது, அது மட்டும் நிச்சயம்.

குடும்பக் கடை எப்படி இதே விலைக்குத் தாக்குப்பிடிக்கிறது? கட்டடம் பெரும்பாலும் சொந்தம், மாடியில் வீடு, சம்பள ஆள் இல்லை. வாடகையும் கூலியும் கணக்கில் ஏறாததால்தான் அந்த 900 யென் சாத்தியமாகிறது. இந்தக் கணக்கு உடையும் இடமும் அதுவே. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டால் கடை முதலாளியோடு முடிந்தது. அரிசி வேறு சேர்ந்துகொண்டது. 2024 தொடக்கத்தில் 5 கிலோ 2,000 யென் சுமாருக்கு விற்றது 2025 வசந்தத்தில் 4,000-ஐத் தாண்டியது. எங்கள் கடையில் அதுவரை இலவசமாக இருந்த பெரிய கிண்ணச் சோற்றுக்கு 50 யென் என்று ஒரு சின்னச் சீட்டு ஒட்டினார்கள், மன்னிப்பு வாசகத்தோடு. மதியச் சாப்பாடு 1,000 யென்னைத் தாண்டினால் வாடிக்கை போய்விடும் என்ற பயம் இங்கே எல்லாச் சின்னக் கடைக்கும் உண்டு.

தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். ரொக்கம் மட்டும். பன்னிரண்டு மணிக்குப் போனால் தெரியாதவரோடு மேசையைப் பகிர வேண்டும். சாப்பிட்டதும் எழுந்துவிட வேண்டும், லேப்டாப் திறப்பது நாகரிகமில்லை. ஞாயிறு, அரசு விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் ஓபோன் (முன்னோரை நினைக்கும் பண்டிகை), வருடக் கடைசி எல்லாம் மூடல். வெளியில் இருந்து உள்ளே எதுவும் தெரியாத சறுக்குக் கதவு முதல் தடவை யாரையும் தயங்க வைக்கும்.

இவற்றை எல்லாம் விடப் பெரியது புகை. 2020 ஏப்ரலில் இருந்து டோக்கியோ விதிப்படி பணியாளர் வைத்திருக்கும் உணவகம் சின்னதானாலும் உள்ளே புகைக்க விடக் கூடாது. பணியாளரே இல்லாத, குடும்பமே நடத்தும் பழைய சின்னக் கடைக்கு மட்டும் தானே முடிவு செய்துகொள்ளும் உரிமை உண்டு. அதாவது நான் பரிந்து பேசும் இதே வகைக் கடைதான் சாம்பல் கிண்ணத்தை இன்னமும் மேசையில் வைத்திருக்கக்கூடியது. வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், பார்த்துவிட்டு நுழையுங்கள். மதியத்தில் மட்டும் புகைக்கத் தடை போடும் கடைகளும் உண்டு. எங்கள் கடை அந்த ரகம். ராத்திரியில் அங்கே எப்படி இருக்கும் என்பது பற்றி எனக்குப் பெரிய அனுபவம் இல்லை.

சனிக்கிழமை அலுவலகம் வர நேர்ந்தால் கயபாச்சோவில் குடும்பக் கடைகள் பெரும்பாலும் இருட்டாக இருக்கும். அன்றைக்கு யாயோய்கென் போய் இரண்டாம் சோறு போட்டுக்கொள்கிறேன், புகார் ஒன்றும் இல்லை. மற்ற நாட்களில் பதினொன்றரைக்குக் கதவு திறந்ததுமே போய்விடுங்கள். ஒரு மணிக்கு மேல் போனால் இடம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் அன்றைய மீன் தீர்ந்து பலகையில் கோடு விழுந்திருக்கும்.